நிறைதான் தலையெழுத்து

ராத்திரி வானத்தில் தெரியும் நட்சத்திரங்களிலேயே அதிகப் பிரகாசமானது சிரியஸ். நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டு தூரம். வெறும் கண்ணுக்கு அது ஒரே புள்ளி. ஆனால் அங்கே இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. சிரியஸ் ஏ சூரியனைப் போல 2 மடங்கு நிறை கொண்டது, 25 மடங்கு வெளிச்சம் தருவது. சிரியஸ் பி-யின் நிறை ஏறத்தாழ சூரியன் அளவு. உருவமோ பூமியைவிடக் கொஞ்சம் சின்னது. அதன் எரிபொருள் எப்போதோ தீர்ந்துவிட்டது. அணைந்த அடுப்பில் கிடக்கும் கங்கு மாதிரி மெதுவாக ஆறிக்கொண்டிருக்கிறது.

இரண்டும் ஒரே மேகத்தில், ஒரே சமயத்தில் பிறந்தவை. அப்புறம் ஏன் ஒன்று ஜொலிக்குது, இன்னொன்று முடிஞ்சுபோச்சு? "சின்னதுக்கு எரிபொருள் கம்மி, அதான் சீக்கிரம் தீர்ந்துடுச்சு" என்று சொல்லத் தோன்றும். கேட்க லாஜிக்காக இருக்கும். விடை அதற்கு நேர் எதிர். அந்த விடைக்குப் போகும் வழியிலேயே நட்சத்திரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை பெரும்பாலும் வந்துவிடும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொடாமலே அளப்பது

நட்சத்திரத்தில் தெர்மாமீட்டர் வைக்க முடியாது, தராசிலும் ஏற்ற முடியாது. நமக்குக் கிடைப்பது வெளிச்சம் மட்டும்தான். அதை வைத்தே முழு பயோடேட்டாவையும் எழுதிவிடலாம்.

முதலில் வெப்பநிலை. பட்டறையில் இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் சூடேறினால் வெளுக்கும். நட்சத்திரமும் அப்படித்தான். ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸில் வந்த வீன் விதி ஞாபகம் இருக்கா? ஒளி உச்சத்தில் இருக்கும் அலைநீளத்தை வெப்பநிலையால் பெருக்கினால் எப்போதும் ஒரே எண், சுமார் 2.9 மில்லிமீட்டர் கெல்வின். ஆக, நிறத்தைப் பார்த்தாலே மேற்பரப்புச் சூடு தெரிந்துவிடும். சிவப்பாகத் தெரியும் பீட்டல்ஜூஸ், அதாவது நம்ம பஞ்சாங்கத்துத் திருவாதிரை, சுமார் 3,500 கெல்வின். சூரியன் 5,800. சிரியஸ் ஏ 10,000-ஐ ஒட்டி வரும். நீலவெள்ளையாக இருக்கும் ரைகல் 12,000. பாத்ரூம் குழாயில் சிவப்பு வெந்நீர், நீலம் பச்சைத்தண்ணீர். வானத்தில் அது தலைகீழ்.

அடுத்து தூரம். கட்டைவிரலை முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்க, பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்க. விரல் பின்னால் இருக்கும் சுவரில் இடம் மாறின மாதிரி தெரியும். பூமி ஆறு மாதத்தில் சூரியனின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறது. அந்த இரண்டு இடங்களும் நமக்கு இரண்டு கண்கள். பக்கத்து நட்சத்திரம் எவ்வளவு கோணம் நகர்ந்தது என்று அளந்தால் தூரம் வந்துவிடும். 1838-ல் ஜெர்மன் வானியலாளர் பெசல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்துக்கு இதைச் செய்து காட்டினார். நம் காலத்தில் 2013-ல் ஏவப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு இதே வேலையைச் செய்திருக்கிறது.

தூரமும் கண்ணுக்குத் தெரியும் பிரகாசமும் கையில் இருந்தால், நட்சத்திரம் மொத்தமாக எவ்வளவு பவரை வெளியிடுகிறது என்று கணக்குப் போடலாம். பவரும் வெப்பநிலையும் தெரிந்தால் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதி ஆரத்தைக் கொடுத்துவிடும். பீட்டல்ஜூஸையே எடுத்துக்குவோம். அதன் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டர் தரும் ஒளி, சூரியனின் ஒரு சதுர மீட்டர் தருவதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் மொத்தத்தில் சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளிர்கிறது. அப்படின்னா உருவம் பிரம்மாண்டமாக இருந்தே ஆகணும். அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் சுற்றுப்பாதையையும் விழுங்கிவிடும்.

கடைசியாக நிறை. ஜோடி நட்சத்திரங்கள் இதற்காகவே நமக்குக் கிடைத்த வரம். இடைவெளியைப் பூமி-சூரியன் தூரத்தின் மடங்கில் எடுத்து மும்மடிப் பெருக்கல் செய்யுங்க. சுற்றும் காலத்தை வருஷத்தில் எடுத்து இருமடிப் பெருக்கல் செய்யுங்க. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் இரண்டின் மொத்த நிறை, சூரியனின் மடங்கில் வரும். சிரியஸ் ஜோடிக்குச் சராசரி இடைவெளி சுமார் 20, காலம் சுமார் 50 வருஷம். 8,000-ஐ 2,500-ஆல் வகுத்தால் 3.2. துல்லியமான அளவுகளைப் போட்டால் 3.1-ஐ ஒட்டி வரும். இரண்டில் எது எவ்வளவு தள்ளாடுகிறது என்று பார்த்து அதை இரண்டுக்கு ஒன்று எனப் பிரித்துவிடலாம். இந்தத் தள்ளாட்டத்தை வைத்துத்தான் 1844-லேயே பெசல், சிரியஸுக்குக் கண்ணில் படாத ஒரு துணை இருக்கிறது என்று சொன்னார். 1862-ல் அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் ஒரு புதுத் தொலைநோக்கியைச் சோதிக்கும்போது அந்தத் துணை கண்ணில் பட்டது.

எதால் ஆனது? ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் நடுவே கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள். நூறு வருஷத்துக்கு முன் பலரும், சூரியனும் பூமி மாதிரியே இரும்பும் மற்ற தனிமங்களும் கலந்தது என்று நம்பினார்கள். ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்த செசிலியா பெயின், மேகநாத் சாஹாவின் அயனியாக்கச் சமன்பாட்டை வைத்து அந்தக் கோடுகளைக் கணக்கிட்டு, 1925-ல் வேறு விடைக்கு வந்தார்: நட்சத்திரங்களில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் மிக மிக அதிகம். அந்நாளின் பெரிய வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அது நடக்காத விஷயம் என்றார். பெயினும் தன் முடிவு உண்மையாக இருக்காது என்று ஆய்வேட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று. நாலு வருஷம் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். சூரியன் நிறையில் சுமார் முக்கால் பங்கு ஹைட்ரஜன். மீதியில் பெரும்பகுதி ஹீலியம்.

சூரியன் ஏன் வெடித்துவிடவில்லை?

சூரியனின் மையத்தில் சூடு சுமார் 1.5 கோடி கெல்வின். அங்கே நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது; அதில் 40 லட்சம் டன் நிறை ஆற்றலாக மாறி வெளியேறுகிறது. இப்படி ஒரு ஹைட்ரஜன் குண்டு ஏன் மொத்தமாக வெடிக்காமல் 460 கோடி வருஷமாக நிதானமாக எரிகிறது?

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது சுலபம். நெகட்டிவ் ஃபீட்பேக். ஈர்ப்பு எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. சூடான வாயுவின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இணைவு கொஞ்சம் கூடினால் மையம் சூடாகும், அழுத்தம் ஏறும், மையம் விரியும், விரிந்தால் குளிரும், இணைவு குறையும். குறைந்துபோனால் ஈர்ப்பு கை ஓங்கும், மையம் சுருங்கும், சூடாகும், இணைவு மறுபடி ஏறும். நம்ம இஸ்திரிப்பெட்டியில் இருக்கும் தெர்மோஸ்டாட் வேலைதான். இங்கே அதை யாரும் தனியாகப் பொருத்தவில்லை. ஈர்ப்பும் வாயு விதியும் சேர்ந்தாலே அது தானாக அமைந்துவிடுகிறது.

எவ்வளவு நிதானம் என்பதற்கு ஒரு கணக்கு. சூரியனின் மொத்த பவரை அதன் மொத்த நிறையால் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 0.0002 வாட்தான் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷன் சுமார் 100 வாட் வெப்பம் வெளியிடுகிறான். கிலோவுக்கு ஒரு வாட்டுக்கு மேல். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கிளாஸில் தூங்கும் நண்பன் சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சூடான பார்ட்டி! சூரியனின் பலம் வேகத்தில் இல்லை, அளவில்.

கையில் நிறைய இருந்தும் சீக்கிரம் தீர்வது

இப்போது சிரியஸ் கேள்விக்கு வருவோம். நிறை கூடினால் என்ன ஆகும்? மேலே அழுத்தும் பாரம் கூடும். அதைத் தாங்க மையத்தில் அதிக அழுத்தம் வேண்டும். அதாவது அதிகச் சூடு. உள்ளே சூடு கூடக் கூட வெளியே கசியும் ஆற்றல் எகிறும். கசிவை ஈடுகட்ட இணைவும் அந்த வேகத்தில் ஓடியாக வேண்டும். பெரும்பாலான நட்சத்திரங்களுக்குத் தோராயமான விதி: வெளிச்சம், நிறையின் 3.5 அடுக்கில் கூடும்.

சூரியனைப் போல 10 மடங்கு நிறை உள்ள நட்சத்திரத்தை எடுத்துக்குவோம். கையிருப்பு 10 மடங்கு. செலவு? 3,000 மடங்குக்கு மேல். ஆக ஆயுள் 300-ல் ஒரு பங்காகக் குறைகிறது. சூரியனுக்கு மொத்தம் சுமார் 1,000 கோடி வருஷம் என்றால், அதற்கு 3 கோடி வருஷம்தான். பெரிய சம்பளம், அதைவிடப் பெரிய செலவு.

எதிர்ப்பக்கம் பாருங்க. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி, 4.2 ஒளியாண்டு. நிறை சூரியனில் 12 சதவீதம். வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். அது லட்சக்கணக்கான கோடி வருஷம் எரியும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி வருஷம்தான். அப்போ இந்த மாதிரிச் சின்னச் சிவப்பு நட்சத்திரங்களில் ஒன்றுகூட இதுவரை வயதாகி இறந்ததில்லை. இதைவிடவும் சின்னதாகி, சூரியனில் 8 சதவீதத்துக்கும் கீழே போனால் ஹைட்ரஜன் இணைவு நிலைத்து நடக்கும் அளவுக்கு மையம் சூடாகவே ஆகாது. அது நட்சத்திரமாகாமலே நின்றுபோகும்.

இத்தனை கோடி வருஷக் கதையைப் பார்த்தது யார்?

நியாயமான கேள்வி. எந்த நட்சத்திரமும் நம் ஆயுளுக்குள் பிறந்து, வளர்ந்து, இறந்து காட்டப்போவதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் எடுத்த ஒரே ஒரு போட்டோவை நினைச்சுக்குங்க. அதில் கைக்குழந்தை, ஸ்கூல் பையன், நடுவயசு, தாத்தா பாட்டி எல்லாரும் இருப்பாங்க. அறுபது வருஷம் காத்திருக்காமலே மனுஷன் எப்படி வளர்கிறான் என்று அந்தப் போட்டோவிலிருந்து ஊகிக்கலாம்.

நட்சத்திரக் கொத்துகள் இன்னும் நல்ல ஆதாரம். கார்த்திகைக் கொத்தில் உள்ளவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பிறந்தவை. வயது சுமார் 10 கோடி வருஷம். அங்கே நீல நட்சத்திரங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆயிரம் கோடி வருஷத்தைத் தாண்டிய பழைய உருண்டைக் கொத்துகளைப் பார்த்தால் கனமான நீல நட்சத்திரங்களைக் காணோம். சின்ன மஞ்சள், சிவப்பு நட்சத்திரங்களும் வீங்கிய ராட்சதர்களும்தான் மிச்சம். ஹெர்ட்ஸ்ஸ்ப்ருங்கும் ரஸ்ஸலும் 1910-களில் உருவாக்கிய வரைபடத்தில், ஒரு அச்சில் வெப்பநிலை, மறு அச்சில் வெளிச்சம். ஒரு கொத்தை அதில் போட்டால், எந்த நிறைவரை உள்ளவை முக்கிய வரிசையை விட்டு விலகிவிட்டன என்று தெரியும். அந்த விலகும் இடம்தான் கொத்தின் வயது. கனமானவை முதலில் போகும் என்பது வெறும் தியரி இல்லை, வானத்திலேயே தெரிகிறது.

எரிபொருள் தீர்ந்தால் இன்னும் சூடாவது

அடுப்பில் கேஸ் தீர்ந்தால் பாத்திரம் ஆறிப்போகும். நட்சத்திரத்தின் மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்தால் மையம் முன்பைவிடச் சூடாகிறது. ஆற்றல் வெளியேற வெளியேற ஈர்ப்பு மையத்தைச் சுருக்குகிறது, சுருங்கும்போது சூடேறுகிறது. தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் காற்று உராய்வில் ஆற்றலை இழந்தால் கீழே இறங்கி, வேகம் குறைவதற்குப் பதிலாகக் கூடும், இல்லையா? அதே கணக்கு.

நம்ம சூரியனுக்கு இது இன்னும் சுமார் 500 கோடி வருஷத்தில் நடக்கும். மையத்தைச் சுற்றிய ஓட்டில் ஹைட்ரஜன் வேகமாக எரியும். வெளிப்பகுதி ஊதிப் பெருகி, மேற்பரப்பு ஆறிச் சிவக்கும். சிவப்பு ராட்சதன் என்ற நிலை இதுதான். புதனையும் வெள்ளியையும் அது விழுங்கிவிடும். ஆனால் பூமிக்கு அதற்கு வெகுமுன்பே கஷ்டகாலம் தொடங்கிவிடும். சூரியன் பிறந்தபோது இன்றைக்கு இருப்பதைவிட 30 சதவீதம் மங்கலாக இருந்தது. மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே வருகிறது. அடுத்த 100 கோடி வருஷத்தில் இன்னும் சுமார் 10 சதவீதம் கூடும். நம் கடல்கள் வற்றத் தொடங்க அதுவே போதும்.

சுருங்கிய மையம் சுமார் 10 கோடி கெல்வினைத் தொடும்போது ஹீலியம் கார்பனாக மாறத் தொடங்கும். அதுவும் தீர்ந்த பிறகு வெளிப்பகுதி வாயுவாகக் கலைந்து போகும். நடுவில் பூமி அளவுக்கு ஒரு சூடான உருண்டை மிஞ்சும். அதுதான் வெள்ளைக் குள்ளன். சிரியஸ் பி அப்படி மிஞ்சியது. அதிலிருந்து ஒரு டீஸ்பூன் எடுத்தால் எடை பத்து டன்னைத் தாண்டும்.

கப்பலில் போட்ட கணக்கு

இணைவே இல்லாத அந்த உருண்டை ஏன் மேலும் சுருங்கவில்லை? அதை எலக்ட்ரான்கள் தாங்கிப் பிடிக்கின்றன. ஒரே நிலையில் ஒரே மாதிரியான இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. தியேட்டரில் முன்வரிசை நிறைந்தால் அடுத்து வருபவர் பின்வரிசைக்குப் போயே ஆகணும். அதுபோல நெருக்க நெருக்க எலக்ட்ரான்கள் மேலும் மேலும் அதிக ஆற்றல் உள்ள நிலைகளுக்குத் தள்ளப்படும். இந்த அழுத்தம் சூட்டைச் சார்ந்ததில்லை. முன்னே சொன்ன தெர்மோஸ்டாட் இங்கே அறுந்துபோகிறது. அதனால் வெள்ளைக் குள்ளன் ஆறிப்போனாலும் இடிந்து விழாது.

அப்படின்னா எல்லா நட்சத்திரமும் கடைசியில் அமைதியாக இப்படித்தான் முடியுமா? சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ல் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகும் கப்பலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 19. நம்ம காலேஜில் செகண்ட் இயர் பையன் வயசு. நிறை கூடக் கூட உள்ளே எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. அதற்கு மேல் அவற்றால் ஓட முடியாது. அதனால் அழுத்தமும் ஈடுகொடுக்காது. ஆகவே ஒரு வரம்பு உண்டு; இன்றைய மதிப்பில் சூரியனைப் போல 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது.

1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் இதை அவர் விளக்கியதும், அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்று கேலியாக மறுத்தார். எடிங்டன் அன்றைக்கு வானியலின் முதல் பெயர். பெயினுக்கு நடந்தது போலவேதான்: எண்கள் ஒரு பக்கம், பெரியவரின் நம்பிக்கை மறுபக்கம். சந்திரசேகர் அமெரிக்கா போய் வேலையைத் தொடர்ந்தார். 1983-ல் நோபல் பரிசு வந்தது. 1999-ல் நாசா ஏவிய எக்ஸ்-ரே தொலைநோக்கிக்கு சந்திரா என்று பெயர்.

கனமானவர்களின் கடைசி நாள்

சூரியனைப் போல 8 மடங்குக்கு மேல் நிறை உள்ளவை அந்த வரம்பில் மாட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு எரிபொருளும் தீரும்போது மையம் சுருங்கி, சூடேறி, முந்தின சாம்பலையே அடுத்த எரிபொருளாக்குகிறது. 25 மடங்கு நிறையுள்ள நட்சத்திரத்துக்கான கணக்கைப் பாருங்க. ஹைட்ரஜனுக்குச் சுமார் 70 லட்சம் வருஷம். கார்பனுக்குச் சில நூறு வருஷம். ஆக்சிஜனுக்குச் சில மாதம். சிலிக்கானுக்கு ஏறத்தாழ ஒரு நாள்.

சிலிக்கான் எரிந்து மிஞ்சுவது இரும்பும் அதை ஒட்டிய தனிமங்களும். இரும்பு அணுக்கருக்களை இணைத்தால் ஆற்றல் வராது. நாம்தான் கொடுக்க வேண்டும். அடுப்பு அணைகிறது. இரும்பு மையம் சந்திரசேகர் வரம்பைத் தொட்டதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளே இடிந்து விழுகிறது. வெளிப்பகுதி சூப்பர்நோவாவாகச் சிதறுகிறது. நடுவில் சுமார் 20 கிலோமீட்டர் விட்டமுள்ள நியூட்ரான் நட்சத்திரமோ கருந்துளையோ மிஞ்சுகிறது. 1054-ல் சீன வானியலாளர்கள் பகலிலும் தெரிந்த ஒரு புது நட்சத்திரத்தைக் குறித்துவைத்தார்கள். அதே இடத்தில் இன்றைக்கு நண்டு நெபுலா இருக்கிறது. அதன் நடுவில் ஒரு நியூட்ரான் நட்சத்திரம் நொடிக்கு 30 தடவை சுழல்கிறது. 1987-ல் பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒன்று வெடித்தபோது, ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே நியூட்ரினோக்கள் ஜப்பானின் கமியோகாண்டே கருவியில் பதிவாகின. மையம் முதலில் இடிகிறது, வெளிச்சம் பிறகுதான் என்று கணக்கு சொன்னது அப்படியே நடந்தது.

சிரியஸ் கணக்கின் விடை

இப்போ விடை தெரிந்திருக்கும். இன்றைக்குச் சின்னதாகக் கிடக்கும் சிரியஸ் பி-தான் பிறக்கும்போது பெரியது. சூரியனைப் போல சுமார் 5 மடங்கு நிறையோடு பிறந்து, வேகமாக எரிந்து, ராட்சதனாக வீங்கி, பெரும்பகுதியை வானத்தில் உதறிவிட்டது. கையில் மிஞ்சியது ஒரு சூரியன் நிறை. சிரியஸ் ஏ 2 மடங்கோடு பிறந்ததால் இன்னும் தன் ஹைட்ரஜனிலேயே காலம் தள்ளுகிறது. அதுவும் ஒருநாள் இதே வழியில் போகும்.

ஜனவரி, பிப்ரவரியில் ராத்திரி எட்டு மணி போல மாடிக்குப் போனால் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவைதான் ஒரையனின் இடுப்புப் பட்டை. அதற்கு ஒரு பக்கம் சிவப்பாகத் திருவாதிரை, மறு பக்கம் நீலவெள்ளையாக ரைகல். பட்டையின் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ். எதிர்ப்பக்கம் நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கொத்து. 2019 கடைசியில் திருவாதிரை திடீரென்று மங்கியபோது வெடிக்கப்போகிறது என்று பரபரப்பு கிளம்பியது. அது உதறிய வாயு தூசியாகி நம் பார்வையை மறைத்திருந்தது என்று பிறகு தெரிந்தது. ஆனால் ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. தொலைநோக்கியே வேண்டாம். நிறத்தைப் பார்த்து எது சூடு, எது ஆறினது என்று நீங்களே சொல்லலாம். சிரியஸைப் பார்க்கும்போது மட்டும், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஆறிக்கொண்டிருக்கும் அந்த முன்னாள் பெரியவரையும் சேர்த்து நினைச்சுக்குங்க.